காரணப் பிரிவு

புள்ளி வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் மாடியிலிருந்து ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மார்பு முழுவதும் இரத்தம். டை முதுகுப் பக்கம் போயிருந்தது. ஒரு காலில் ஷூ இல்லை. அந்த ஷூவைக் கையில் பிடித்தபடி நர்ஸம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"விபத்தா?" என்று கேட்டான் புள்ளி.

"இல்லப்பா, பட்ஜெட்" என்றார் நர்ஸம்மா. "தள்ளி நில்லு. பின்னால இன்னொருத்தர் வர்றார்."

புள்ளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. புள்ளியியல் படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனுக்குத் தெருவில் வைத்த பெயர். கல்யாணமான பிறகு மனைவி வீட்டிலும் அதுவே நிலைத்தது. பாட்டில் செய்கிற அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையின் காரணப் பிரிவில் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். காரணப் பிரிவு என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம் வருகிற இடத்தைப் பற்றி அதெல்லாம் கேட்பது மரியாதையில்லை.

பிரிவு என்பது ஒரே ஓர் அறை. சில மேஜைகள், அச்சு இயந்திரம் ஒன்று, காகிதம் கிழிக்கும் இயந்திரம் ஒன்று. கிழிக்கும் இயந்திரம்தான் பெரியது. பிரிவின் தலைவிக்கு முன்பல் இல்லை.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"புள்ளியியல், மேடம்."

"பரவாயில்ல. போகப்போக மறந்துடும்."

வேலையை அவர் விளக்கினார். மாடியில் மேலாளர்கள் முடிவெடுப்பார்கள். அது ஏன் சரியான முடிவு என்று கீழே எழுத வேண்டும்.

"முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே ஆய்வு பண்ணிக் கொடுத்துடலாமே, மேடம்?"

தலைவி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பீங்க? யார் யாரை அடிச்சுப் போடுவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அப்போதுதான் அந்த நிறுவனத்தின் முறை அவனுக்குப் புரிந்தது. முன்பு அங்கும் எல்லா இடத்தையும் போலத்தான் நடந்திருக்கிறது. ஆலோசனை சொல்கிறவர்களை வரவழைத்தார்கள். அவர்கள் வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வோர் அறிக்கையும் கடைசிப் பக்கத்தில் 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று முடிந்தது. அப்படி ஒரு கடைசிப் பக்கத்தைப் படித்த மேலாளர் ஒருவர், எதிரில் இருந்தவர் மண்டையில் தண்ணீர் ஜாடியை இறக்கினார். எதிர்க்கருத்து மயங்கி விழுந்தது. அடித்தவர் சொன்னபடியே செய்தார்கள். அந்த ஆண்டு லாபம் வந்தது. அடுத்த ஆண்டும் ஜாடியை இறக்கினார்கள். நஷ்டம் வந்தது. ஆனால் அதற்குள் அது முறையாகிவிட்டது.

விதிகள் உண்டு. காட்டுமிராண்டித்தனத்துக்கு இடமில்லை. அடித்துக்கொள்கிறவர்கள் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், பொய்ப்பல் எல்லாவற்றையும் வாசலில் நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். வலது கை விரல்களை உடைக்கக் கூடாது, கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆயுதங்களை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. அறையில் இருக்கிற நாற்காலி, ஸ்டேப்ளர், ப்ரொஜக்டர் போன்றவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கடைசியில் நிற்பவர் சொன்னதே முடிவு. குறிப்பில் 'விரிவான விவாதத்துக்குப் பின் மறுப்பின்றி ஏற்கப்பட்டது' என்று எழுதுவார்கள். அதில் பொய்யே இல்லை. மறுத்தவர் அந்த நேரத்தில் மருத்துவமனையில் இருப்பார்.

"ரெண்டு பக்கத்துக்கும் காரணம் எழுதி வெச்சிடணும்" என்றார் தலைவி. "ஜெயிச்ச பக்கத்தோடதை மேல அனுப்புவோம். தோத்ததை மிஷின்ல விட்டுடுவோம். பயப்படாதீங்க, ஒண்ணு எழுதினா போதும். ஒரு பக்கத்துக்குத் 'துணிவு'ன்னு போடுங்க, இன்னொரு பக்கத்துக்கு 'நிதானம்'னு போடுங்க. மீதி எல்லாம் அப்படியே பொருந்தும்."

பொருந்தியது. புள்ளி சோதித்துப் பார்த்து அசந்துபோனான்.

சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. மாடியில் ஏதாவது உடைகிற சத்தம் கேட்கும். தலைவி காது கொடுத்துக் கேட்டு, "விலை ஏத்தறாங்க" என்பார். இவன் தாளை எடுத்துக் கொடுப்பான்.

பிறகு பழைய உலை விவகாரம் வந்தது.

கண்ணாடியை உருக்குகிற உலை அது. ஒருமுறை பற்றவைத்தால் ஆண்டுக்கணக்கில் அணைக்கமாட்டார்கள். உருகிய கண்ணாடி உள்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இதன் சுவர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது வெளியில் தெரியாது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முடியாது. பொறியாளர் ஒருவர் தாங்கும் என்று எழுதினார். இன்னொருவர் எந்த நேரமும் உடையும் என்று எழுதினார். மூன்றாமவர் தொடர்ந்து கவனித்து வர வேண்டும் என்று எழுதிவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த உலையில் வேலை பார்த்தவர் புள்ளியின் மச்சான். மனைவியின் அண்ணன். தாய் தகப்பன் இரண்டும் அவளுக்கு அவர்தான். முழங்கைக்குக் கீழே ஒரு முடி இருக்காது. எல்லாம் பொசுங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது புள்ளி கேட்டான்.

"உலை எப்படி இருக்கு மச்சான்?"

"சுவத்துல ஒரு இடம் செவந்திருக்கு மாப்ளே. தட்டு அகலத்துக்கு. ஃபேன் வெச்சு ஊதிக்கிட்டிருக்கோம்."

"வெடிக்குமா?"

"ஒருத்தன் வெடிக்கும்ங்கறான். ஒருத்தன் வெடிக்காதுங்கறான். நான் அதுல சிகரெட் பத்த வெச்சுக்கறேன்."

"வாயைக் கழுவு" என்று உள்ளேயிருந்து தங்கை சத்தம் போட்டாள். மச்சான் போன பிறகு கணவனிடம் வந்து நின்றாள். "ஆபீஸ்லதானே இருக்கீங்க. அதை அணைக்கச் சொல்லுங்க. அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஜென்மத்துல உங்க மூஞ்சில முழிக்கமாட்டேன்."

புள்ளி முதல்முறையாகத் தன் படிப்பைப் பயன்படுத்தினான். உலையை அணைப்பதற்கான காரணங்களை உயிரைக் கொடுத்து எழுதினான். தொடர்ந்து ஓட்டுவதற்கான காரணங்களை வேண்டுமென்றே சொதப்பினான். தலைவி இரண்டையும் படித்தார்.

"அணைக்கிற பக்கம் அருமையா இருக்கு. யாரும் படிக்கப்போறதில்ல, ஆனாலும் அருமை. ஓட்டற பக்கம் படு மோசம். அதுவும் நல்லதுதான். காரணமே இல்லாம எடுத்த முடிவுன்னா அதுக்குத் தொலைநோக்குன்னு பேர்."

"அப்ப அணைக்க வைக்க என்னதான் பண்றது மேடம்?"

"மேல போய் யாரையாவது அடிக்கணும்."

அணைக்க வேண்டும் என்றவர் உற்பத்தி மேலாளர் ஒருவர்தான். சுவர் உடைந்தால் முதல் கழுத்து அவருடையது. ஓட்ட வேண்டும் என்று நிதி மேலாளரும் விற்பனை மேலாளரும் சொன்னார்கள். இருவரும் கழுத்து அகலமானவர்கள். உற்பத்தி மேலாளருக்கோ போன கூட்டத்தில் வாங்கிய அடியில் இடது கை கட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் குறைவாக இருக்கும் பக்கம் ஓர் ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. புள்ளி போய் நின்றான்.

"அடிச்ச அனுபவம் உண்டா?" என்று கேட்டார் உற்பத்தி மேலாளர்.

"இல்ல சார். வாங்கின அனுபவம் உண்டு."

"போதும். வாங்கிக்கிட்டே இரு. நான் பின்னாலேர்ந்து போடறேன்."

கூட்ட அறையில் நல்ல கம்பளம். கறை தெரியாத நிறம். தண்ணீர் காகிதக் குவளையில் வைத்திருந்தார்கள். கண்ணாடித் தொழிற்சாலை என்றாலும் அந்த அறையில் மட்டும் கண்ணாடி கிடையாது. நிர்வாகத் தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"நாளைக்கு என்ன நடக்கும்னு இங்க யாருக்காவது தெரியுமா? தெரியாது. தெரியாத ஒரு விஷயத்தை மாசக்கணக்கா உக்காந்து பேசறதுக்கு, பத்து அடியில முடிச்சுக்கறது நேர்மையானது. மத்த கம்பெனியிலயும் இதேதான் நடக்குது. என்ன, அங்க சத்தமா பேசறவன் ஜெயிப்பான். இல்ல, முதலாளிக்குச் சொந்தக்காரன் ஜெயிப்பான். நாம அதை வெளிப்படையா பண்றோம். எனக்குன்னு தனிக் கருத்து எதுவும் கிடையாது. கருத்து வெச்சிருந்தா நான் இந்த நாற்காலிக்கு வந்திருக்க முடியாது. ஆரம்பிங்க."

பேசிவிட்டுப் போய் மூலையில் இரும்பு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

விற்பனை மேலாளர் முதலில் வந்தார். வாடிக்கையாளரைப் பார்ப்பது போலச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் விட்ட குத்தில் புள்ளிக்கு உதடு கிழிந்தது. அடுத்த குத்தில் மேஜை அடியில் போய் விழுந்தான். மேலே நாற்காலி முறிகிற சத்தம். உற்பத்தி மேலாளரின் உடம்பு சுவரில் மோதுகிற சத்தம். நிதி மேலாளரின் குரல் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வார்த்தையாக வந்தது. "செலவு. பண்ண. முடியாது. செலவு. பண்ண. முடியாது."

புள்ளிக்கு மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. மேஜை அடியிலிருந்து தவழ்ந்து வந்து, குனிந்து அடித்துக்கொண்டிருந்த நிதி மேலாளரின் காதைக் கடித்தான். விடவில்லை. பாதிக் காது வாயோடு வந்தது. நிதி மேலாளர் போட்ட கூச்சலில் விற்பனை மேலாளர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் உற்பத்தி மேலாளர் நல்ல கையால் ப்ரொஜக்டரைத் தூக்கி அவர் பிடரியில் போட்டார். பிறகு இருவரும் சேர்ந்து, விழுந்து கிடந்தவர்களை எழுந்திருக்க முடியாத அளவுக்கு உதைத்தார்கள். அது கொஞ்ச நேரம் நடந்தது. புள்ளிக்கு இதில் ஓர் ஆர்வம் வந்திருந்தது. நர்ஸம்மா வந்துதான் இழுத்துப் பிடித்தார்.

நிர்வாகத் தலைவர் அலமாரியின் பின்னாலிருந்து வெளியே வந்தார். "ஆரம்பத்திலேர்ந்து என் உள்ளுணர்வும் இதேதான் சொல்லிச்சு" என்றார்.

உலையை அணைத்தார்கள். புள்ளி எழுதிய காரணங்களை வாசித்தார்கள். கை தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள்.

அணைத்த உலைக்குப் புதுச் சுவர் கட்ட வேண்டும். அது தனித் தீர்மானம். அந்தக் கூட்டத்துக்கு உற்பத்தி மேலாளரால் வர முடியவில்லை. மண்ணீரலை எடுத்திருந்தார்கள். கட்டுப்போட்ட காதோடு வந்த நிதி மேலாளர், எதிர்க்க ஆளில்லை என்றாலும் முறை விட்டுப்போகக் கூடாது என்று, காலி நாற்காலியை நன்றாக மிதித்துவிட்டு உட்கார்ந்தார். புதுச் சுவர் வேண்டாம் என்று முடிவானது. உலை ஆறிக் கிடந்தது. உலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மச்சான் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அணைக்க வெச்சது நீங்கதானாமே மாப்ளே?"

"வெடிச்சிருக்கும் மச்சான்."

"வெடிச்சுதா?"

"அதான் அணைச்சுட்டோமே."

"அப்ப வெடிக்கல."

"அணைக்காம இருந்திருந்தா—"

"அணைக்காம இருந்திருந்தா நான் வேலையில இருந்திருப்பேன்." மச்சான் ஓங்கி ஒன்று விட்டார். புள்ளி செருப்புகளுக்கு நடுவில் விழுந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே. பேச்சு வரமாட்டேங்குது, கைதான் வருது."

"அண்ணே, உயிரோட நிக்கறேல்ல, அதுக்கே அவருக்குக் கோயில் கட்டணும்" என்று தங்கை பாய்ந்தாள்.

"உயிரோட நின்னு என்ன பண்ணச் சொல்ற? ஊர்ல எல்லாரும் உயிரோடதான் நிக்கறான். எனக்காக மட்டும் எதுக்குக் கோயில்?"

புள்ளி செருப்புகளைச் சரியாக அடுக்கி வைத்துவிட்டு எழுந்தான். மச்சானைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆனால் அதை யாரிடமும் காட்ட முடியவில்லை. நடக்காத ஒன்றைத் தட்டில் வைத்து எப்படி நீட்டுவது?

அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது. பழைய உலையை அதே சுவரோடு மறுபடியும் பற்றவைப்பது. ஆறிய சுவரில் வெடிப்பு விட்டிருக்கலாம், விடாமலும் இருந்திருக்கலாம். பொறியாளர்களின் பழைய அறிக்கைகளையே தேதியை மாற்றி இணைத்திருந்தார்கள். உற்பத்தி மேலாளர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து புள்ளியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ இருக்கே, எனக்கென்ன கவலை" என்றார். மூச்சு விட்டபோது அவருக்குள் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது.

காரணப் பிரிவில் புள்ளி இந்த முறை ஒரு பக்கத்துக்கு மட்டுமே எழுதினான். பற்றவைக்கிற பக்கத்துக்கு ஒரு வரிகூட எழுத முடியாது என்று சொல்லிவிட்டான்.

"சொந்த விஷயத்தைக் கலக்காதீங்க" என்றார் தலைவி.

"எங்க மச்சான் அதுல நிப்பார் மேடம்."

"எல்லா முடிவுலயும் யாரோட மச்சானோ நின்னுக்கிட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றுத்தாள் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டார்.

கூட்ட அறை வாசலில் நிதி மேலாளர் நின்றிருந்தார். விற்பனை மேலாளருக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை. அதனால் நிதிப் பக்கத்துக்கும் ஓர் ஆலோசகர் தேவைப்பட்டிருந்தார். இரவல் டை கட்டிக்கொண்டு, முடியில்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், பக்கத்தில் மச்சான் நின்றார்.

"மச்சான், நீங்க எங்க இங்க?"

"வேலை தர்றேன்னாங்க மாப்ளே. ஜெயிச்சா உலை திரும்ப நம்ம கைக்கு வருதாம்."

"அது உங்களைக் கொன்னுடும் மச்சான்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனா—"

"அப்புறம் என்ன? உள்ள வாங்க."

நிர்வாகத் தலைவர் இந்த முறையும் பேசினார். "போன தடவை உலையை அணைச்சோம். அது சரியான முடிவு. இன்னிக்குப் பத்த வெச்சா, அதுவும் சரியான முடிவாத்தான் இருக்கும். ஒரு முடிவை விளைவை வெச்சு எடைபோடக் கூடாது. விளைவு நம்ம கையில இல்ல. யார் பண்றாங்கறதுதான் முக்கியம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதையும் தைரியமா சந்திப்போம். நான் தலைமை அலுவலகத்துல இருந்து சந்திப்பேன்." அலமாரிக்குப் பின்னால் போனார்.

உற்பத்தி மேலாளர் முதல் உதையிலேயே போய்விட்டார். மண்ணீரல் இருந்த இடத்தைப் பார்த்தே உதைத்த நிதி மேலாளர், மீதியை ஆலோசகரிடம் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அறையில் மாப்பிள்ளையும் மச்சானும் எதிரெதிரே நின்றார்கள்.

"மாப்ளே, கண்ணாடியைக் கழட்டிடுங்க."

புள்ளி மறந்துபோய் அணிந்துகொண்டே வந்திருந்தான். மச்சானே அதைப் பதமாகக் கழற்றி, மடித்து, தன் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். பிறகு மூக்கில் குத்தினார்.

புள்ளி நாற்காலிக் காலை எடுத்து அவர் விலாவில் விளாசினான். அவரை உயிரோடு வைத்திருப்பதற்காக எவ்வளவு முடியுமோ அவ்வளவு பலமாக விளாசினான். விலா எலும்பு முறிந்தது இரண்டு பேருக்கும் கேட்டது. மச்சான் நெருப்பில் நின்று பழகியவர். வலியை நின்றபடியே வாங்கிக்கொண்டார். "தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டு, அவன் தலைமுடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினார். மறுபடியும் மோதினார். பற்கள் கம்பளத்தில் விழுந்தன. கறை தெரியாத கம்பளத்தில் பற்கள் நன்றாகத் தெரிந்தன. புள்ளி மல்லாந்து விழுந்ததும் மச்சான் அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"விட்டுடுங்க மாப்ளே. போதும்."

"விடமாட்டேன்" என்றான் புள்ளி. ஒரு குத்து விழுந்தது. "விடமாட்டேன் மச்சான்." இன்னொன்று. அதற்கு மேல் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நானும் பத்தவைக்கணும்னுதான் நினைச்சேன். காரணத்தைக் கொண்டு வாங்க."

தலைவி உள்ளே வந்து புள்ளியின் தலைமாட்டில் குந்தினார். கையில் வெற்றுத்தாள். "உங்க பக்கம் தோத்துடுச்சு. இதை எழுத வேண்டியது இப்ப உங்க கடமை. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

புள்ளி தலையை ஆட்டி மறுத்தான். மச்சான் முட்டியை அவன் கழுத்தில் வைத்து மெல்ல அழுத்தினார். "சொல்லிடுங்க மாப்ளே. வீட்டுக்குப் போகலாம்."

மூச்சு திணறியது. திணறத் திணற வாய் தானாகத் திறந்துகொண்டது. "இந்தப் பழைய உலை..." என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரத்தத்தோடு சேர்ந்து வாக்கியங்கள் ஒழுங்காக வந்து விழுந்தன. அணைந்திருந்த காலத்தில் சுவர் போதிய ஓய்வு பெற்றிருக்கிறது. சிவந்த இடம் இப்போது சிவப்பாக இல்லை என்பது கண்கூடு. அனுபவமுள்ள தொழிலாளர்கள் உடனிருப்பது கூடுதல் பாதுகாப்பு. கிடைத்துள்ள தகவல்கள் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கையில், துணிவும் நிதானமும் ஒருங்கே கொண்ட முடிவு இதுவே.

கழுத்தில் இருந்த முட்டி தளர்ந்தது. மச்சான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓய்வு எடுத்திருக்கா மாப்ளே, சுவர்?" என்றார். "இத்தனை வருஷம் அது பக்கத்துலயே நின்னிருக்கேன். ஒருத்தன்கூட எனக்கு இப்படி விளக்கமா சொன்னதில்லை." இரவல் டையின் நுனியால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, உடைந்த மூக்கில் வலிக்காமல் நிறுத்தப் பார்த்தார். முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது. அதுவரை அது மறைத்துவைத்திருந்த பயம் மட்டும் மிச்சமிருந்தது. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"அப்ப வெடிக்காதுல்ல?"

தலைவியின் பேனா நின்றது. நிர்வாகத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

புள்ளி மச்சானைப் பார்த்தான். பக்கத்தில் பார்க்கையில் அவருக்குக் கண்ணிமையிலும் முடியில்லை.

"வெடிக்காது மச்சான்" என்றான்.

தலைவி அதையும் கடைசி வரியாகச் சேர்த்துக்கொண்டார். மச்சான் விலாவைப் பிடித்தபடி எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, உலையைப் பற்றவைக்கக் கீழே இறங்கிப் போனார்.